பின்னந்தலையில்தான் பதில் இருக்கிறது

சென்னையில் ஒரு தோல் மருத்துவரிடம் நர்ஸாக வேலை பார்க்கிறேன். "முடி நட்டுக்கலாம்னு வந்திருக்கேன் சிஸ்டர்" என்று வரும் பெண்கள் குனிந்து வகிட்டைக் காட்டுவார்கள், நான் "கொஞ்சம் திரும்புங்கம்மா" என்று பின்னந்தலை முடியைத்தான் முதலில் விலக்கிப் பார்ப்பேன். ஆண்களுக்கு உச்சி வழுக்கையானாலும் பிடரிப் பக்க முடி பெரும்பாலும் அப்படியே நிற்கும். அதை எடுத்து முன்னால் நட்டால் போன இடத்திலும் பழைய குணத்தோடுதான் வளரும். நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-இல் எழுதிய இந்தக் கணக்கில்தான் இந்தச் சிகிச்சையே ஓடுகிறது. பெண்கள் பலருக்கு முன்வகிடு அகலமாகும்போதே பின்னாலும் முடி மெலிந்துகொண்டு வரும். டெர்மோஸ்கோப் என்ற பெரிதாக்கிக் காட்டும் கருவியை வைத்தால் தடிமனான முடிக்குப் பக்கத்திலேயே பூனைமுடி மாதிரி ஒன்று நிற்பது தெரியும். அதை எடுத்து நட்டு என்ன பிரயோஜனம், அதுவும் மெலியத்தானே போகிறது.

அப்புறம், நடவே தேவைப்படாதவர்கள். டெங்கு, பிரசவம், பட்டினி டயட் என்று உடம்பு அடிவாங்கி இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும், காரணம் நீங்கினால் பெரும்பாலும் தானே வளர்ந்துவிடும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்புச்சத்தின் அளவு), தைராய்டு பார்க்க வேண்டும், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்க வேண்டும். ஒரு ரத்தப் பரிசோதனைகூட எழுதாமல், வந்த அன்றைக்கே அட்வான்ஸ் வாங்கிய இடங்களிலிருந்து ரசீதோடு வந்து எங்களிடம் அழுதவர்கள் உண்டு, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

பின்னாலும் மெலிகிறவர்களுக்கு மருந்து என்றால் முதலில் தலையில் தடவும் மினாக்ஸிடில். ஆரம்பித்த சில வாரங்களில் கூடுதலாகக் கொட்டும் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் வந்ததும் போகும், குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

நட்டால் நன்றாக வரும் பெண்களும் இருக்கிறார்கள். ஒரு பரதநாட்டிய ஆசிரியை வந்தார். சின்ன வயதிலிருந்து இறுக்கி வாரி, சவுரி வைத்துப் பின்னி, அதன் மேல் பூ, நெற்றிச்சுட்டி, ராக்கொடி எல்லாம் பின் குத்தி ஆடியதில் நெற்றியோரமும் காதோரமும் ஏறிப்போயிருந்தது. பின்னால் கை நுழையாத அடர்த்தி. முடியை இழுத்ததால் வந்த இழப்பு இது, இழுப்பதை நிறுத்திய பிறகும் வளராத இடம் மட்டும்தான் பாக்கி. தலை முழுக்க மழிக்க வேண்டுமோ என்பதுதான் அவர் பயம். பின்னந்தலையில் மெல்லிய பட்டையாக முடியோடு தோலை எடுத்துத் தைத்துவிட்டால் நீளமான முடி தையலை மூடிவிடும், மழிப்பு அந்தப் பட்டை அளவுதான் என்று டாக்டர் விளக்கினார். நெற்றி ஓரத்துக்கு ஒற்றை முடி கிராஃப்ட்டாக (நடுவதற்கான சின்னத் துண்டாக) பிரித்துக் கொடுத்தோம், இல்லையென்றால் பார்த்ததுமே நட்டது தெரிந்துவிடும். சில வாரத்தில் நட்டதெல்லாம் உதிர்ந்துவிட்டது என்று பதறிப் போன் செய்தார். உதிரும், வேர் உள்ளேதான் இருக்கும் என்று மறுபடி சொன்னேன். நாலாவது மாதம் முளைத்தது, முழுசாகத் தெரிய ஒரு வருஷம் ஆனது.

நெற்றியோரம் தோல் பளபளவென்று, வேர்த்துளையே தெரியாமல் சிவந்திருந்தால் அது வேறு கதை. தழும்பாக்கும் நோயாக இருக்கலாம், பயாப்ஸி செய்து, நோய் அடங்கி ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ அமைதியாக இருந்தால்தான் நடவைப் பற்றிப் பேச்சே.

நடவுக்குப் பொருந்தாத ஒரு அக்கா, பேங்க்கில் வேலை, பின்னந்தலையும் மெலிந்தவர். முடியாது என்று டாக்டர் சொன்னதும் ரொம்ப நேரம் பேசவில்லை. உச்சியில் கிளிப் போட்டு வைக்கும் டாப்பர் என்ற சின்ன விக்கைக் காட்டினேன், கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். கிளிப்பை தினமும் ஒரே இடத்தில் போடாதீங்கக்கா, இழுத்து அங்கேயும் கொட்டிடும், ராத்திரி கழற்றிடுங்க என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.