மரத்தடியில் அறுந்து நின்ற சாலைகள் ஒருவழியாக இணைந்தன

வான்படத்திலிருந்து சாலையைப் பிரிக்கும் வேலையில் ரொம்ப நாளாக முரண்டு பிடித்த கட்டம் வழிக்கு வந்துவிட்டது. மாஸ்க்கில், அதாவது எந்தப் பிக்சல் சாலை என்று மாடல் குறித்துத் தரும் படத்தில், சாலை அழகாகத் தெரியும். கோடாக மாற்றினால் மரம் அடர்ந்த தெருக்களில் துண்டு துண்டாக அறுந்து நிற்கும். அந்த இடைவெளிகளில் பெரும்பாலானவை இப்போது மூடிவிட்டன, அதுவும் இல்லாத சாலையை இட்டுக்கட்டாமல்.

தரவு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வான்படங்களும் அவற்றுக்கான சாலை லேபிள்களும் (சரியான விடைகள்) அடங்கிய வழக்கமான தொகுப்புதான்: 1500-க்கு 1500 அளவில் 1171 படங்கள், பிக்சலுக்கு ஒரு மீட்டர். மாடல், ஒவ்வொரு பிக்சலையும் வகைப்படுத்தும் யூ-நெட் நரம்பு வலை, ரெஸ்நெட்-34 என்கோடர், பிழையை அளக்க பைனரி கிராஸ் என்ட்ரோபியும் டைஸும் சேர்ந்த லாஸ். வெள்ளையாக விடுபட்ட பகுதி அதிகமுள்ள படங்களைப் பயிற்சிக்கு முன்பே கழித்துவிடுங்கள். படம் வெறுமையாக இருக்கும் இடத்திலும் லேபிளில் சாலை ஓடும், மாடல் குழம்பும். சோதனையில் நான்கு பக்கமும் 18 பிக்சல் பிரதிபலித்து ஒட்டி 1536 ஆக்கினால், இந்த மாடலுக்குத் தேவையானபடி 32-ஆல் வகுபடும். படத்தை வெட்டாமல் முழுசாக ஓட்டலாம், டைல் ஓரத் தொல்லை கிடையாது.

இந்தத் தொகுப்பில் எல்லோரும் போடுகிற மதிப்பெண் 3 பிக்சல் சலுகை தரும் பிரிசிஷனும் (கண்டதில் எவ்வளவு சரி) ரீகாலும் (இருப்பதில் எவ்வளவு கண்டது). ஒரு கிலோமீட்டர் சாலையில் பத்து மீட்டர் அறுந்தால் அதில் அதிகபட்சம் ஒரு சதவீதம்தான் குறையும். ஆனால் அந்தச் சாலையில் வழி தேட முடியாது! வான்படத்தில் சாலை கண்டுபிடிக்கும் ஸ்பேஸ்நெட் போட்டியை நடத்தியவர்கள், இடங்களுக்கிடையே மிகக் குறுகிய வழியின் தூரத்தை ஒப்பிடும் ஏ.பி.எல்.எஸ். அளவைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். சாலைக்கு அதுவே நியாயமான அளவு.

இனி ஒட்டும் வேலை. மாடல் ஒவ்வொரு பிக்சலுக்கும் தரும் சாலை நிகழ்தகவை மாஸ்க்காக மாற்ற ஒரே த்ரெஷோல்டு (வரம்பு) போதாது. ஹிஸ்டெரிசிஸ் முறையில் மேல் வரம்பு 0.5, கீழ் வரம்பு 0.2 வைத்தால் உறுதியான சாலையோடு தொட்டுக்கொண்டிருக்கும் மங்கலான பகுதியும் கூடவே வந்துவிடும். சிறிய அறுப்புகள் இங்கேயே தீரும். அடுத்து மாஸ்க்கின் சின்ன ஓட்டைகளை அடைக்க வேண்டும். ஒரே ஒரு பிக்சல் ஓட்டை இருந்தாலும் ஸ்கெலிடனில் (மாஸ்க்கை ஒரு பிக்சல் தடிமனுக்கு மெலித்த கோட்டில்) அதைச் சுற்றி ஒரு வளையம் முளைக்கும். இதற்காகக் குளோசிங் (மாஸ்க்கைத் தடிப்பாக்கி மறுபடி மெலித்து இடைவெளியை மூடுவது) அளவைக் கூட்டாதீர்கள், நடுத்திட்டு உள்ள நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். பரப்பு பார்த்து ஓட்டை அடைப்பதே சரி.

மல்லுக்கட்ட வைத்தது முனைகளின் திசை. அறுந்த சாலையின் முனையில் மாஸ்க் பிசிறாக இருக்கும். அதனால் ஸ்கெலிடனின் கடைசி நாலைந்து பிக்சல்கள் ஏதாவது ஒரு மூலைப் பக்கம் கொக்கிபோல வளைந்துவிடும். அதை வைத்துத் திசை கணக்கிட்டால் எதிரே இருக்கும் முனையை விட்டுவிட்டு பக்கத்துத் தெருவை நோக்கிக் கோடு பாயும். கடைசி 5 பிக்சலைத் தள்ளிவிட்டு, அதற்கு முந்தைய 20 பிக்சலுக்கு நேர்கோடு பொருத்திப் பாருங்கள், திசை கச்சிதமாக வரும்.

40 மீட்டருக்குள், 30 டிகிரிக்குள் எதிரெதிராக நிற்கும் முனைகளை ஜோடி சேர்த்தபின் நேர்கோடு இழுப்பதில்லை. நிகழ்தகவுப் படத்தின் எதிர்மறை மடக்கையை (லாக்) செலவாக வைத்து, ஸ்கைகிட்-இமேஜ் என்ற பைத்தான் நூலகத்தில் இருக்கும் ரூட் த்ரூ அர்ரேயால் மலிவான பாதையைத் தேடுகிறோம். நிகழ்தகவு பூஜ்யமானால் செலவு முடிவிலிக்குப் போகும், 0.01-க்குக் கீழே இறங்காமல் தடுத்துவைக்கவும். பாதை நெடுகச் சராசரி நிகழ்தகவு 0.1-ஐத் தாண்டினால் மட்டும் ஏற்பு. இந்தச் சோதனைதான் உயிர்நாடி. அமெரிக்கப் புறநகரில் இரண்டு குடியிருப்புகளின் முட்டுச்சந்துகள் நடுவே சிறு தோப்பை வைத்துக்கொண்டு நேருக்கு நேர் நிற்கும். தூரமும் கோணமும் சரியாக அமையும், சாலை மட்டும் இருக்காது. முட்டுச்சந்தின் வட்டத் திருப்பத்தை வைத்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை: லேபிளில் எல்லாச் சாலையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் நடுக்கோட்டின் மேல் ஒரே தடிமனில் வரைந்தவை, மாடல் அந்த வட்டத்தைக் கற்றதே இல்லை. தோப்புக்குள் ‘சாலை இருக்குமோ’ என்று மாடலுக்குத் துளி சந்தேகம்கூட எழுவதில்லை. சாலையை மறைக்கும் மரத்தடியில் கொஞ்சமாவது எழும். அந்த வித்தியாசமே போதுமானது.

நாற்சந்திகள் ஸ்கெலிடனில் இரண்டு முச்சந்திகளாகப் பிளந்து, நடுவில் குட்டிக் கோடு விழும். 10 பிக்சலுக்குள் இருக்கும் நோடுகளை (சந்திப்புப் புள்ளிகளை) ஒன்றாக்கினால் தீர்ந்தது.

படம் தேடுபவர்களுக்கு: மாசசூசெட்ஸ் அரசின் மாஸ்ஜிஐஎஸ் வரைபடத் தளத்தில் 2021-ம் ஆண்டின் 15 சென்டிமீட்டர் வான்படம் இலவசம். இலை துளிர்க்குமுன் வசந்த காலத்தில் பறந்து எடுத்தது. அமெரிக்க வேளாண்துறையின் நைப் படங்களோ பயிர்க் காலத்தில், இலை நிறைந்திருக்கும்போது எடுப்பவை. ஒரே இடத்துக்கு இரண்டும் கிடைக்கின்றன! இலையில்லாப் படத்தில் கண்ட சாலையை லேபிளாக வைத்து இலையுள்ள படத்தில் பயிற்றுவிக்கும் எண்ணம் இருக்கிறது. நைப்பில் அகச்சிவப்பு அலைவரிசையும் சேர்ந்து வருவதால் இலையையும் தாரையும் பிரிப்பது சுலபம்.

மேம்பாலம் மட்டும் பாக்கி. ஐ-90 நெடுஞ்சாலைக்கு மேலே போகும் தெருக்கள் எல்லாம் ஸ்கெலிடனில் சந்திப்பாகவே விழுகின்றன, வழி தேடினால் பாலத்திலிருந்து நேராக நெடுஞ்சாலையில் இறக்கிவிடுகிறது. எதிரெதிர்க் கரங்கள் வளையாமல் நேராகப் போனால் நோடைப் பிரித்துவிடலாம் என்றால், சாதாரண நாற்சந்தியும் அதே வடிவம்தான். இணைப்புச் சாலை அருகே இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கும் விதி ஒன்று இப்போது சோதனையில் ஓடுகிறது.