ஹேண்ட் பிரேக்கை எடுத்தும் சக்கரம் விடவில்லையா? ஏர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஏர் பிரேக் லாரியில் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துவைப்பது சக்கரத்தருகே சேம்பர் என்ற டப்பாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங், அதை அமுக்கி பிரேக்கை விடுவிப்பது ஏர். பிரேக் விடவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்று. ஸ்பிரிங்கை அமுக்க வேண்டிய ஏர் சேம்பருக்குப் போய்ச் சேரவில்லை. அல்லது மிதித்தபோது போன ஏர் திரும்ப வெளியே வரவில்லை. அல்லது ஏர் எல்லாம் சரி, டிரம்முக்குள் உரசி நிறுத்தும் ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஏர் வராத வண்டியின் டிரம்மைச் சம்மட்டியால் அடிப்பதும், கேம் (ஷூவை விரிக்கும் தண்டு) இறுகிய வண்டிக்கு ரிலே வால்வு (கட்டளை ஏர் வந்ததும் சேம்பருக்கு ஏரைத் திறந்துவிடும் வால்வு) மாற்றுவதும்தான் பட்டறையில் காசையும் நேரத்தையும் தின்கின்றன. எந்த வால்வையும் கழற்றுவதற்கு முன் ஏர் எதுவரை வந்து நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கட்டை. பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிற வண்டிக்குக் கட்டை எதற்கு என்று தோன்றும். நீங்கள் பார்க்கும் வேலை பலித்த நொடியிலேயே அது ஹேண்ட் பிரேக் இல்லாத வண்டி ஆகிவிடும். முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகுதான் சேஸிஸுக்கு அடியில் தலையை நுழைக்க வேண்டும். இன்னொன்று: ஸ்பிரிங் சேம்பரைச் சுற்றியிருக்கும் கிளாம்ப் வளையத்தை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கின் விசை ஏறக்குறைய ஒரு டன். மூடி தெறித்தால் எதிரில் இருப்பவர் பிழைப்பது அரிது. துருப்பிடித்த பழைய சேம்பருக்கு நேர் பின்னால் முகத்தை வைத்துப் பார்ப்பதும் வேண்டாம்.

இப்போது எந்தச் சக்கரம் பிடிக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு சக்கரம் என்றால் அதன் சேம்பர், அதற்குப் போகும் ஹோஸ், டிரம் இந்த மூன்றுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. ஏ.பி.எஸ். வண்டியில் அந்தச் சக்கரத்துக்கு ஏரைக் கூட்டிக் குறைக்கும் மாடுலேட்டர் வால்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு அச்சின் இரு பக்கமும் பிடித்தால் அந்த அச்சுக்கான ரிலே வால்வு அல்லது குயிக் ரிலீஸ் வால்வு (சேம்பரின் ஏரை அருகிலேயே வெளியே விடுவது). பின்னால் எல்லாச் சக்கரமும் விடவில்லை என்றால் ஹேண்ட் பிரேக் வால்வு, அதற்கு ஏர் தரும் சர்க்யூட் (தனி ஏர் வழி). முன்சக்கரமும் சேர்ந்து பிடித்தால் பெடலும் அதற்கு அடியில் இருக்கும் ஃபுட் வால்வும். நம் ஊர் லாரிகளில் பெரும்பாலும் முன் அச்சில் ஸ்பிரிங் சேம்பர் கிடையாது. ஆகவே முன்சக்கரம் மட்டும் பிடித்தால் ஹேண்ட் பிரேக் பக்கமே போகாதீர்கள்.

கேஜ் முள்ளை நம்பும் முன்

டாஷ்போர்டில் இருக்கும் இரண்டு முள்ளும் முன் சர்க்யூட்டையும் பின் சர்க்யூட்டையும்தான் காட்டுகின்றன. ஹேண்ட் பிரேக் சர்க்யூட்டில் எவ்வளவு ஏர் இருக்கிறது என்று காட்டும் முள் பெரும்பாலான வண்டிகளில் இல்லை. 'கேஜ் 8 காட்டுது, ஏர் ஃபுல்லா இருக்கு' என்று டிரைவர் சொல்வது உண்மைதான், ஆனால் அது இந்தக் கோளாறுக்குப் பதில் ஆகாது.

வண்டியைப் பொறுத்து 8 முதல் 10 பார் (ஏர் அழுத்த அளவு) வரை ஏறி, மிச்ச ஏரை வெளியே தள்ளும் அன்லோடர் வால்வு 'புஸ்' என்று விட வேண்டும். ஸ்பிரிங் முழுதாக அமுங்குவதற்கு 5 முதல் 6.5 பார் வரை தேவை, அளவு சேம்பருக்குச் சேம்பர் மாறும். 4 பாரில் பிரேக் விடவில்லை என்றால் அது கோளாறு அல்ல, பிரேக் தன் வேலையைச் செய்கிறது. முள் ஏறவே இல்லை, அல்லது பாதியில் நின்றுவிடுகிறது என்றால் பிரேக்கை விட்டுவிட்டுக் கம்ப்ரசர் பக்கம் போங்கள். ஏரின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையருக்கு அடியில் இடைவிடாமல் காற்று சீறினால் அதன் பர்ஜ் வால்வு (ஈரத்தை வெளியே தள்ளும் வால்வு) மூடவில்லை. பெரும்பாலும் சீட்டில் அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கும்.

கம்ப்ரசர் ஏரை நான்காகப் பிரித்துத் தரும் நான்கு சர்க்யூட் பாதுகாப்பு வால்வின் உடம்பில் எண்கள் பொறித்திருக்கும், அழுக்கைத் துடைத்துப் படியுங்கள். 1 என்பது ஏர் உள்ளே வரும் வழி. 21, 22 இரண்டும் மிதி பிரேக் சர்க்யூட்டுகள். 23 பெரும்பாலும் ஹேண்ட் பிரேக்குக்கும் டிரெய்லருக்கும், 24 ஹாரன், கிளட்ச் பூஸ்டர் போன்றவற்றுக்கும் போகும். பல வண்டிகளில் மிதி பிரேக் டேங்குகள் நிரம்பிய பிறகுதான் 23-க்கு வழி திறக்கும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும், நிறுத்த ஏர் இல்லாத வண்டி நகரக் கூடாது. இதனால்தான் முன் பிரேக் ஹோஸில் இருக்கும் ஒரு ஒழுகலால் பின்சக்கரத்தின் ஸ்பிரிங் விடாமல் நிற்க முடிகிறது. ஹேண்ட் பிரேக் வால்வில் தேடிக்கொண்டிருந்தால் நாள் முழுக்கக் கிடைக்காது.

கையில் ஒரு தனி கேஜும் டெஸ்ட் பாயிண்ட்டில் மாட்டும் ஹோஸும் இருந்தால் வேலை சுலபம். 23-இன் வெளிவழி, ஹேண்ட் பிரேக் வால்வின் வெளிவழி, பின்னால் ரிலே வால்வின் வெளிவழி, சேம்பரில் 12 என்று எண் போட்ட ஸ்பிரிங் பக்க வழி என்று வரிசையாகப் பாருங்கள். (11 என்றிருப்பது மிதி பிரேக்குக்கு.) எந்த இடத்தில் அளவு விழுகிறதோ அதற்குச் சற்று முன்னால்தான் கோளாறு. ஹேண்ட் பிரேக் வழியில் ரிலே வால்வு இருக்கும் வண்டியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஹேண்ட் பிரேக் வால்விலிருந்து வருவது ரிலேயின் 4-ஆம் வழிக்கான கட்டளை ஏர் மட்டுமே, சேம்பரை நிரப்பும் ஏர் 1-ஆம் வழியில் தனியாக வருகிறது. இரண்டையும் அளக்காமல் ரிலேயைக் குற்றம் சொல்லக் கூடாது.

கேஜ் இல்லாத இடத்தில் காது போதும். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு அரை நிமிடம் பொறுங்கள், பிறகு திரும்பப் போடுங்கள். பின் அச்சருகே எக்ஸாஸ்டில் (வால்வு காற்றை வெளியே விடும் வாய், எஞ்சின் புகைக்குழாய் அல்ல) பலமாக, நிறைவாகக் காற்று வெளியேறினால் ஸ்பிரிங் சேம்பர் வரை ஏர் போயிருக்கிறது, டிரம் பக்கம் பாருங்கள். சத்தமே இல்லை அல்லது மெலிதாக இருக்கிறது என்றால் ஏர் போகவில்லை.

பாதி விட்ட பிரேக்

சுத்தமாக நகராத வண்டியைவிடப் பயப்பட வேண்டியது இதற்குத்தான். ஹேண்ட் பிரேக் வால்வு தேய்ந்து 4 அல்லது 5 பார் மட்டுமே அனுப்பினால் ஸ்பிரிங் பாதி அமுங்கும், வண்டி நகரும், டிரைவருக்கு 'கொஞ்சம் இழுவை கம்மி' என்று மட்டும் தெரியும். ஷூவின் மேல் இருக்கும் லைனிங் டிரம்மை உரசிக்கொண்டே வரும். ஒரு மணி நேரத்தில் டிரம் சூடேறி, ஹப் கிரீஸ் உருகி வழிந்து, ஆயில் சீல் கருகி, கடைசியில் டயரே பற்றிக்கொள்ளும். கருகிய வாடை வந்ததும் ஓரங்கட்டுங்கள். டிரம்மின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விழும். அந்தச் சூட்டோடு ஹேண்ட் பிரேக்கும் போடாதீர்கள், ஆறும்போது டிரம் சுருங்கி ஷூவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கட்டை கொடுத்து ஆறவிடுங்கள்.

இதே போல ஆளை ஏமாற்றும் இன்னொரு கோளாறு ஸ்பிரிங் சேம்பரின் நடுச் சீல். ஸ்பிரிங் பக்கத்துக்கும் மிதி பிரேக் பக்கத்துக்கும் நடுவில் ராடு போகும் இடத்தில் ஒரு சிறிய ஓ-ரிங் இருக்கிறது. அது தேய்ந்தால் ஸ்பிரிங்கை அமுக்க வேண்டிய ஏர் மிதி பிரேக் பக்கம் கசிந்து, ஹோஸ் வழியாகத் திரும்பி, மிதி பிரேக் ரிலே வால்வின் எக்ஸாஸ்டில் வெளியேறும். பார்ப்பவருக்கு ரிலே ஒழுகுவதாகத் தோன்றும். புது ரிலே போட்டும் அதே ஒழுகல் இருக்கும். சோதனை ஒரு நிமிட வேலை: ஒழுகும்போதே ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். ஒழுகல் நின்றால் ஏதோ ஒரு ஸ்பிரிங் சேம்பரின் நடுச் சீல்தான் காரணம். நிற்காமல் தொடர்ந்தால் ரிலேயின் உள் சீட். எந்தச் சேம்பர் என்று அறிய, கட்டையைச் சரிபார்த்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை எடுத்த நிலையில் 11-இல் மாட்டிய ஹோஸை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எந்த சேம்பரின் 11 வழியாகக் காற்று வருகிறதோ அதுதான்.

சேம்பரின் மூச்சுத் துளையில் காற்று வந்தால் வேறு கணக்கு. ஹேண்ட் பிரேக்கை எடுத்ததும் வந்தால் ஸ்பிரிங் பக்க டயாஃப்ரம் (ஏர் தள்ளும் ரப்பர் தட்டு) கிழிந்திருக்கிறது, மிதிக்கும்போது மட்டும் வந்தால் மிதி பக்க டயாஃப்ரம்.

போன ஏர் திரும்பவில்லை என்றால்

காலை எடுத்த பிறகும் பிரேக் லைட் எரிகிறதா என்று ஒருவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். எரிந்தால் மிதி பிரேக் லைனில் இன்னும் ஏர் இருக்கிறது, அல்லது லைட் சுவிட்ச் கெட்டிருக்கிறது. பெடலுக்கு அடியில் மடிந்து கிடக்கும் மேட், துருவேறிய பெடல் பின், ஃபுட் வால்வின் பிளஞ்சரை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டிருக்கும்படி திருகிவைத்த ராடு, இவற்றை முதலில் பாருங்கள். பெடலில் சிறிது வெற்று ஆட்டம் இருந்தே ஆக வேண்டும்.

பிறகு எக்ஸாஸ்ட் வாய்கள். ரிலே வால்வும் குயிக் ரிலீஸ் வால்வும் சேஸிஸுக்கு அடியில் சேற்றை வாங்கிக்கொண்டே ஓடுகின்றன. ரப்பர் மூடியில் சேறு காய்ந்து அடைத்திருக்கும். மாதக் கணக்கில் நிறுத்தி வைத்த வண்டி என்றால் குளவிக்கூடும் இருக்கும். கம்ப்ரசர் எண்ணெய் கக்கும் வண்டியில் வால்வு ரப்பர் உப்பிக்கொண்டு திரும்பாமல் நிற்கும். வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது டீசல், மண்ணெண்ணெய் வேண்டாம், ரப்பருக்கு ஆகாது. ரிப்பேர் கிட்டோடு வரும் கிரீஸை மட்டும் தடவுங்கள். கம்ப்ரசரைச் சரி செய்யாமல் கிட் மட்டும் மாற்றினால் அதே கோளாறு திரும்பி வரும்.

ஒரு சக்கரம் மட்டும் மிதித்த பின் விட மறுத்தால் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். பழைய ரப்பர் ஹோஸின் உள்தோல் பிரிந்து மடல்போல் தொங்கும். போகும் ஏரை விடும், திரும்பும் ஏரை மறிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மிதித்து விட்டபின் சேம்பர் முனையில் ஹோஸின் யூனியனை (இணைப்பு நட்டை) மெதுவாகத் தளர்த்துங்கள். காற்று சீறி, சக்கரமும் விட்டால் ஏர் சிக்கியிருந்தது உறுதி. மறுபடி மிதித்து விட்டு, இந்த முறை ரிலே முனையைத் தளர்த்துங்கள். அங்கே காற்று வராமல் சேம்பரில் மட்டும் நின்றால் நடுவில் இருக்கும் ஹோஸ்தான். ஏ.பி.எஸ். மாடுலேட்டர் இருந்தால் அதன் இரு பக்கமும் இதே சோதனை.

டிரெய்லர் வண்டியில் டிரெய்லர் மட்டும் பிடித்தால் சிவப்பு சப்ளை கப்ளிங்கும் மஞ்சள் கட்டுப்பாட்டு கப்ளிங்கும் இடம் மாறியிருக்கிறதா, குழாய்த் திறப்பு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். சப்ளை போகாத டிரெய்லர் தானாகவே பிரேக் போட்டுக்கொள்ளும்.

டிரம்முக்குள்

கேமைத் திருப்பும் புஷ் ராடு சேம்பரிலிருந்து வெளிவரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு ஹேண்ட் பிரேக்கை எடுக்கச் சொல்லுங்கள். கோடு உள்ளே போயும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் கோளாறு உள்ளேதான்: ஒடிந்த ரிட்டர்ன் ஸ்பிரிங், இறுகிய ஆங்கர் பின் (ஷூ திரும்பும் அச்சாணி), அளவுக்கு மேல் இறுக்கிய ஸ்லாக் அட்ஜஸ்டர் (ராடுக்கும் கேமுக்கும் நடுவில் ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் கை), அல்லது தண்ணீர்விட்டுக் கழுவி ஹேண்ட் பிரேக் போட்டு நாள்கணக்கில் நிறுத்தியதால் துருவோடு ஒட்டிய லைனிங். ஒட்டிய லைனிங்குக்கு மட்டும்தான் டிரம்மில் சுத்தியல் தட்டு நியாயம், அதுவும் ஏர் முழுதாக ஏறியபின்.

ஏர் போயும் கோடு அசையவில்லை என்றால், ஸ்பிரிங்கை ரிலீஸ் போல்ட்டால் பூட்டியபின் (எப்படி என்பது அடுத்த பகுதியில்) புஷ் ராடை ஸ்லாக் அட்ஜஸ்டரோடு இணைக்கும் கிளெவிஸ் பின்னை எடுங்கள். ராடு தானாக உள்ளே ஓடினால் சேம்பர் நல்லது, எஸ் கேம் (எஸ் வடிவ முனையுள்ள கேம்) புஷ்ஷில் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கிறது. லைனிங்கும் டிரம்மும் மிகத் தேய்ந்த வண்டியில் ஷூ முனையின் ரோலர் கேமின் தலையைத் தாண்டிப் போய்விடும், அது திரும்பவே திரும்பாது. டிரம்மைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

ஸ்பிரிங்கைப் பூட்டுவது

ஏர் கிடைக்கவே வழியில்லாதபோது ஸ்பிரிங்கைப் போல்ட்டால் அமுக்கிப் பிரேக்கை விடுவிக்கும் கடைசி வழி இது. சில சேம்பர்களில் ரிலீஸ் போல்ட் பக்கவாட்டுப் பையில் தனியாக இருக்கும். பின்பக்க மூடியை எடுத்து, போல்ட்டை நுழைத்து, வலப்பக்கம் கால் சுற்று சுற்றி, இழுத்துப் பார்த்து, மாட்டிக்கொண்டது உறுதியான பின் நட்டை இறுக்க வேண்டும். டைப் 30 அளவுச் சேம்பரில் போல்ட் ஏறக்குறைய இரண்டரை அங்குலம் வெளியே வரும். வேறு சிலவற்றில் போல்ட் பின்னாலேயே பொருத்தியிருக்கும், இடப்பக்கம் சுற்றினால் வெளியே வரும். இரண்டுக்கும் கை ஸ்பேனர்தான், இம்பாக்ட் கன் மரையை அறுத்துவிடும். இன்னொரு லாரியிலிருந்து ஹோஸ் போட்டு ஏர் கொடுக்க முடிந்தால் முதலில் ஸ்பிரிங்கை ஏரால் அமுக்குங்கள், பிறகு நட்டைக் கையாலேயே ஓட்டலாம்.

பூட்டிய சக்கரத்தில் ஹேண்ட் பிரேக் இல்லை, ஏர் போனால் தானாகப் பிடிக்கும் அவசர பிரேக்கும் இல்லை. பக்கத்துப் பட்டறைவரை மெதுவாகப் போக மட்டுமே அது. வழியில் தொப்பூர் மாதிரி ஒரு இறக்கம் இருந்தால் லோடோடு இறங்காதீர்கள், மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கு வரவழையுங்கள்.

வேலை முடிந்ததும் கட்டையோடு, எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை எடுத்து முள்ளைப் பாருங்கள். தனி லாரிக்கு நிமிடத்துக்கு 2 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 0.14 பாருக்கு மேல் இறங்கக் கூடாது என்று அமெரிக்க ஓட்டுநர் கையேடுகளில் இருக்கும் அளவு இங்கும் நல்ல அளவுகோல். கழற்றிய யூனியன் ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டிரம்களின் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒரே அச்சின் இடமும் வலமும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ரிலீஸ் போல்ட் எடுத்த துளைக்கு மூடியையும் திரும்பப் போட்டுவிடுங்கள். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் போனால் ஸ்பிரிங் துருப்பிடித்து ஒடியும், ஒடிந்த முனை டயாஃப்ரத்தைக் கிழித்துவிடும்.