நீலக் கோடும் சிவப்புக் கோடும்: ஒரு மாஃபியா காதல் நாவலைப் படித்த அனுபவம்

காதல் நாவல்களைப் பென்சிலோடு படிப்பது என் வழக்கம். நாயகி தானாக எடுக்கும் முடிவு வந்தால் பக்க ஓரத்தில் நீலக் கோடு. அவளுக்காக இன்னொருவர் எடுத்துவிட்ட முடிவு என்றால் சிவப்பு. குடும்ப நாவல்களில் இதை நிறையச் செய்து பார்த்திருக்கிறேன். பிரிந்த காதலர்கள் மறுபடி சேரும் ஒரு மாஃபியா நாவலில் இப்போதுதான் முதன்முறை. கதையின் பெரும்பகுதி இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோ நகரில் நடப்பதால், அந்த மண்ணில் உண்மையில் நடந்தவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்.

கதை இதுதான். மாஃபியா குடும்பத்து வாரிசும் ஒரு கணக்கரின் மகளும் இளம் வயதில் காதலிக்கிறார்கள். அப்பாவின் கட்டளைக்குப் பணிந்து அவன் அவளைக் கைவிடுகிறான். பல வருடங்கள் கழித்து, குடும்பத்துக்கே தலைவனாகிவிட்டவன், மிலானில் பழைய ஓவியங்களைச் செப்பனிடும் வேலையில் இருக்கும் அவளைத் தேடி வருகிறான்.

முதல் கால் பகுதி

இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. பட்டறையில் அவள் வேலை செய்யும் காட்சிகளில் எழுத்தாளரின் கை நன்றாகப் பேசுகிறது. அழுக்கேறிய பழைய வார்னிஷை அவள் பஞ்சால் அங்குலம் அங்குலமாக எடுக்கும்போது, அவளுடைய பொறுமையும் பிடிவாதமும் தாமாகவே தெரிந்துவிடுகின்றன. யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் நீலக் கோடு. வீட்டை அவளே தேர்ந்தெடுத்திருக்கிறாள். அவனுடைய முதல் கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறாள். பிரிந்து சேரும் கதைக்கு இது அவசியம். விட்டுப் போனவன் திரும்பி வரும்போது, அவள் தன் காலில் நிற்பதை நாம் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் அவன் கேட்கும் மன்னிப்புக்கு எடை இருக்கும்.

நடுப்பகுதி

எதிரிக் குடும்பத்தால் அவள் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி, அவளுடைய சம்மதம் கேட்காமலே அவன் அவளைக் காரில் ஏற்றிப் பலெர்மோவுக்குக் கொண்டுபோகிறான். மதில் சூழ்ந்த வீடு, வாசலில் ஆட்கள். 'இது உன் பாதுகாப்புக்காக' என்ற வசனம் மறுபடி மறுபடி வருகிறது. ஊரார் வாயை அடைக்கக் கல்யாணப் பேச்சும் எழுகிறது. இங்கே ஓரமெல்லாம் சிவப்பு. அவனுடைய தவிப்பை எழுத்தாளர் உருகி உருகி எழுதியிருக்கிறார், நானும் அதில் கரைந்தேன். ஆனாலும் பென்சில் சிவப்பைத்தான் போட்டது. புத்தகத்தை மூடிவிட்டு பிராங்கா வயோலாவின் வரலாற்றுக்குப் போனேன்.

பலெர்மோவுக்கு மேற்கே இருக்கும் அல்கமோ ஊரில், ஒரு விவசாயியின் மகள் பிராங்கா. 15 வயதில் அவளுக்கும் பிலிப்போ மெலோதியா என்ற இளைஞனுக்கும் நிச்சயம் ஆனது. அவன் உள்ளூர் மாஃபியாக் குடும்பத்துக்கு உறவினன். திருட்டு வழக்கில் அவன் கைதானதும், அப்பா பெர்னார்தோ நிச்சயத்தை முறித்துவிட்டார். சில காலம் ஜெர்மனியில் இருந்துவிட்டு மெலோதியா ஊர் திரும்பினான். மறுபடியும் அவளே வேண்டும் என்று நின்றான். அதற்குள் பிராங்காவின் மனம் சிறு வயதிலிருந்தே தெரிந்த ஜுசெப்பே ருயிசியிடம் சென்றிருந்தது. பெர்னார்தோவின் திராட்சைத் தோட்டம் நாசமாக்கப்பட்டது. 1965 டிசம்பர் 26 அன்று ஆயுதம் தாங்கிய கூட்டத்தோடு வந்து மெலோதியா அவளைத் தூக்கிச் சென்றான். அவளை விடாமல் பிடித்துக்கொண்ட எட்டு வயதுத் தம்பியையும் சேர்த்தே கொண்டுபோனார்கள். அவனைப் பிறகு விட்டுவிட்டார்கள். அவளை எட்டு நாள் அடைத்துவைத்தார்கள். மெலோதியா அவளை வன்கொடுமை செய்தான்.

கெடுத்தவன் கல்யாணம் செய்துகொண்டால் குற்றமே இல்லை என்றது அன்றைய இத்தாலியக் குற்றவியல் சட்டத்தின் 544ஆம் பிரிவு. மெலோதியாவின் தரப்பு சமாதானம் பேச அழைத்தபோது பெர்னார்தோ சம்மதிப்பதுபோல நடித்துவிட்டு, போலீஸுடன் சேர்ந்து மகளை மீட்டார். பிராங்கா கல்யாணத்துக்கு மறுத்துவிட்டாள். 1966இல் திராபானி நீதிமன்றம் மெலோதியாவுக்கு 11 வருடச் சிறைத் தண்டனை விதித்தது. 1968இல் பிராங்கா ருயிசியை மணந்தாள். குடியரசுத் தலைவரே அவர்களுக்குப் பரிசு அனுப்பினார். அந்த 544ஆம் பிரிவு நீக்கப்பட 1981 வரை ஆயிற்று.

முறிந்த உறவு, காலம் கடந்து திரும்பி வரும் பழைய காதலன், அவள்தான் வேண்டும் என்ற வெறி, மாஃபியாப் பின்னணி. என் கையிலிருந்த நாவலின் சட்டகம் முழுவதும் அல்கமோவில் ஏற்கெனவே நடந்துவிட்டது. அங்கே கதையின் நாயகி மறுத்தாள், அந்த மறுப்பை அவளுடைய அப்பா காப்பாற்றினார். வேண்டாம் என்று சொல்ல ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பதைப் படித்தபின், நாவலின் நடுப்பகுதிக்குத் திரும்ப எனக்குக் கொஞ்சம் இடைவெளி தேவைப்பட்டது. நம் ஊரிலும் இது தொலைவான விஷயமாக இல்லை. வன்கொடுமை வழக்குகளில் சமரசத்தையோ கல்யாணத்தையோ நீதிமன்றங்கள் பரிந்துரைக்கவே கூடாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2021இல் எழுத்துபூர்வமாகச் சொல்ல வேண்டியிருந்தது. கட்டாயத் தாலியோடு தொடங்கும் தமிழ் நாவல்களைப் படித்து வளர்ந்த எனக்கு அந்தத் தீர்ப்பும் நினைவுக்கு வந்தது.

ஒரு சிறு குறிப்பு. சல்வத்தோரே லோ பிக்கோலோ என்ற மாஃபியாத் தலைவன் 2007இல் பலெர்மோ அருகே பிடிபட்டபோது, இயக்கத்தாருக்கான விதிகளின் பட்டியல் ஒன்றும் கிடைத்தது. மனைவியை மரியாதையாக நடத்த வேண்டும் என்று அதில் ஒரு விதி. மனைவி பிரசவ வேதனையில் இருந்தாலும் இயக்கம் கூப்பிட்டால் போக வேண்டும் என்று இன்னொன்று. நாவலின் நாயகன் அவளுக்காகக் குடும்பக் கூட்டத்தையே பாதியில் விட்டு ஓடி வருகிறான். அது எவ்வளவு பெரிய மீறல் என்பது இந்தப் பட்டியலுக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் காட்சியை இன்னும் விரும்பினேன்.

கடைசிப் பகுதி

திருப்பம் நன்றாக வந்திருக்கிறது. அவன் அவளுடைய பாஸ்போர்ட்டைத் திருப்பித் தருகிறான். தன்னைச் சிறைக்கு அனுப்பக்கூடிய கணக்குப் புத்தகங்களையும் அவள் கையில் கொடுக்கிறான். அவள் மிலானுக்குப் போகிறாள். அவன் பின்தொடரவில்லை. நீண்ட இடைவெளிக்குப் பிறகு நீலக் கோடு. அந்த அத்தியாயத்துக்காக இந்த நாவலை யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

ஆனால் அடுத்து வருவது என்னை உறுத்துகிறது. பழைய விஷயங்களைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அவன் ஒரே ஒரு முறை அழைக்கிறான். அவள் யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கிளம்பிவிடுகிறாள். இந்த இடத்தில் லேயா கரோஃபலோவை நினைக்காமல் என்னால் படிக்க முடியவில்லை. தெற்கு இத்தாலியின் கலாப்ரியா பகுதியில், ந்ட்ராங்கெட்டா என்ற அந்தப் பகுதி மாஃபியாவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். துணைவன் கார்லோ கோஸ்கோவை விட்டு விலகி, 2002இல் காவல்துறையிடம் சாட்சி சொன்னார். 2009இல் சாட்சிகளுக்கான பாதுகாப்புத் திட்டத்தை விட்டு வெளியே வந்திருந்த நேரத்தில், மகள் டெனிசேயின் எதிர்காலத்தைப் பேசலாம் என்று கார்லோ மிலானுக்கு அழைத்தான். நவம்பர் 24 அன்று அங்கே லேயா கொல்லப்பட்டார். நீதிமன்றத்தில் அப்பாவுக்கு எதிராக மகளே சாட்சி சொன்னாள். 2012இல் கார்லோவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

நாவலின் நாயகன் கோஸ்கோ அல்லன் என்று எனக்குத் தெரியும். அவனுடைய மனத்துக்குள் எழுத்தாளர் நம்மை உட்கார வைத்திருக்கிறார். நாயகிக்கு அந்த வசதி கிடையாது. அவளுக்குக் கிடைத்தது ஓர் அழைப்பு மட்டும். அவள் பயப்பட வேண்டும், தோழியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், சந்திக்கும் இடத்தை அவளே தீர்மானிக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் காதல் குறையாது. அவள் அறிவுள்ளவள் என்பதும் நிற்கும். முதல் பகுதியில் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியவள் இவள்தானே.

அதனால் ஒரு வேலை செய்தேன். அந்தச் சந்திப்பு அத்தியாயத்தை என் நோட்டுப் புத்தகத்தில் தமிழில் மாற்றி எழுதிப் பார்த்தேன். என் வடிவத்தில் அவனுடைய ஊருக்கு அவள் போகவில்லை. தன் பட்டறைக்கு, பகல் நேரத்தில், உடன் வேலை செய்பவர்கள் இருக்கும்போது அவனை வரச் சொல்கிறாள். கணக்குப் புத்தகங்கள் வழக்கறிஞரிடம் இருக்கின்றன என்பதை முதல் வாக்கியத்திலேயே அவனிடம் சொல்லிவிடுகிறாள். அவன் தலையசைத்துவிட்டு, நான் உட்காரலாமா என்று கேட்கிறான். அந்தக் கேள்வியை எழுதியதும் உரையாடல் தானாக ஓடியது. அவனுடைய மன்னிப்பு நாவலில் இருப்பதைவிடச் சுருக்கமாக, ஆனால் நம்பும்படியாக வந்தது. அவளுடைய பதிலை இன்னும் எழுதவில்லை. அவள் சம்மதிப்பாள் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் அதற்கு முன் அவனிடம் கேட்பதற்கு அவளுக்கு நிறைய இருக்கிறது. அந்தக் கேள்விகளைத்தான் இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.