பெயரோடு போய்ச் சேர வேண்டும்

ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் இயங்கும் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங்கின் வரைவு, ஆய்வக அறிக்கை என்று ஒரு கன்டெய்னர் கிளம்புவதற்குள் எங்கள் மேசையைக் கடக்கும் தாள்கள் ஏராளம். வங்கிக்கு மூல ஆவணங்கள் போவதற்கு முன்னால் நடக்கும் சரிபார்ப்பு முழுவதும் மின்னஞ்சல் இணைப்புகள் வழியாகத்தான். வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடன் கடிதமான எல்.சி.யில் வேறு கெடு குறிப்பிடாவிட்டால், சரக்கு கப்பலேறிய 21 நாட்களுக்குள் மூல ஆவணங்களை வங்கியில் கொடுத்தாக வேண்டும். வரைவில் ஒரு திருத்தம் கேட்டு வாங்குபவர் எழுதுவார். நாம் திருத்தி அனுப்புவோம். அவர் கோப்பைக் காணவில்லை என்பார். அப்படி வீணாகும் ஒவ்வொரு நாளும் அந்த 21 நாளிலிருந்துதான் கழிகிறது.

கோப்பு உண்மையில் காணாமல் போயிருக்காது. அதன் பெயர்தான் தொலைந்திருக்கும். பதனிடும் ஷெட்டில் தோல்களுக்கு மையால் எண் எழுத மாட்டார்கள், டிரம்மில் ஒரே சுற்றில் அழிந்துவிடும். துளையிட்டு அடையாளம் போடுவார்கள். அடையாளம் போன தோல் நல்ல தோலாகவே இருக்கும், ஆனால் எந்த லாட், யாருடைய ஆர்டர் என்று எவராலும் சொல்ல முடியாது. பெயரிழந்த இணைப்பின் நிலையும் அதுவே.

ஒருமுறை ஜெர்மன் வாடிக்கையாளர் ஓர் ஆய்வறிக்கை அனுப்பினார். குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறாம் நிலை குரோமியம் தோலில் எவ்வளவு என்பதைச் சொல்லும் அறிக்கை அது. உடம்பில் படும் தோல் பொருட்களில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டினாலே விற்க முடியாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் கட்டுப்படுத்திவிட்டதால், இந்த ஒரு தாள் இல்லாமல் சரக்கு நகராது. கோப்பின் பெயரில் மேலே இரண்டு புள்ளி வைத்த ஜெர்மன் எழுத்து ஒன்று இருந்தது. எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது பெயரும் இல்லை, பிடிஎஃப் என்ற வால் பகுதியும் இல்லை. ‘ஏடிடி’ என்று தொடங்கி சில சுழியங்களும் ஓர் எண்ணும் மட்டும் இருந்தன. “சார், வைரஸ் மாதிரி இருக்கிறது, அழித்துவிடட்டுமா?” என்று பக்கத்து மேசைத் தம்பி கேட்டார். அவர் கேட்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெயர் தெரியாத இணைப்பைத் திறக்காதே என்றுதானே எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்?

அன்று அந்த மின்னஞ்சலின் மூல வடிவத்தைத் திறந்து உட்கார்ந்தேன். பெரும்பாலான மின்னஞ்சல் செயலிகளில் இதற்கு வழி இருக்கிறது. நாம் திரையில் பார்ப்பது போர்த்திய வடிவம், உள்ளே இருப்பது வரி வரியான எழுத்து. ஓர் இணைப்பின் பெயர் அங்கே இரண்டு இடங்களில் வரலாம். கோப்பு எந்த வகை என்று சொல்லும் வரியில் ஒன்று, அதை இணைப்பாகக் காட்டச் சொல்லும் வரியில் இன்னொன்று. அனுப்பும் செயலி எந்த இடத்தில் எழுதுகிறது, வாங்கும் செயலி எந்த இடத்தில் தேடுகிறது என்பதில்தான் வழக்கே.

இதன் வேர் பழையது. 1982ஆம் ஆண்டின் மின்னஞ்சல் விதிப்படி தலைப்பு வரிகளில் ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் தவிர வேறு எதற்கும் இடமில்லை. இணைப்பு அனுப்பும் முறையான வழியே 1992இல் மைம் என்ற மின்னஞ்சல் விதிகளோடுதான் வந்தது. பிற மொழி எழுத்துகளை ஆங்கில எழுத்துகளாக மடித்து அனுப்பும் முறையை 1996இல் ஆர்எஃப்சி 2047 என்ற இணைய விதி ஆவணம் திருத்தி வகுத்தது. சமக்குறி, கேள்விக்குறி, யூடிஎஃப்-8 என்று தொடங்கும் நீண்ட பிதற்றலை நீங்கள் எப்போதாவது பார்த்திருந்தால், அது இந்த முறையில் மடித்த, ஆனால் பிரிக்கப்படாத பெயர். இணைப்பின் பெயருக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த விதியே சொல்கிறது. அதற்கென்று தனி முறை, ஆர்எஃப்சி 2231, 1997இல் வந்தது. ஆனால் அதற்குள் பல செயலிகள் தடை செய்யப்பட்ட வழியிலேயே நடந்து பழகிவிட்டன. இன்றும் இரண்டு வகையும் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே செயலி என்றால் சிக்கல் தெரிவதே இல்லை, அதனால்தான் அலுவலகத்துக்குள் சோதித்துப் பார்த்து ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

தமிழ்ப் பெயர்களுக்கு இதில் கூடுதல் சுமை உண்டு. ‘ராணிப்பேட்டை’ என்று எழுதினால் நமக்கு ஆறு எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு கணக்கில் கொம்பு, புள்ளி, கால் எல்லாம் தனித்தனி என்பதால் 12 குறியீடுகள். அவற்றைக் கணினியில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 36 பைட். 1997 முறையில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரிகிறது. மொத்தம் 108 எழுத்து! மின்னஞ்சலின் ஒரு வரி 78 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. ஊர்ப் பெயர் ஒன்றுக்கே ஒரு வரி போதவில்லை. எனவே பெயரைத் துண்டு துண்டாக்கி 0, 1, 2 என்று எண்ணிட்டு அனுப்புகிறார்கள். துண்டுகளைச் சேர்க்கத் தெரியாத செயலி முதல் துண்டோடு நின்றுவிடும். சில செயலிகள் ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகளுக்கு நடுவிலேயே வெட்டிவிடும், அந்த இடத்தில் கருப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி வந்து நிற்கும்.

ஆம்பூர்ப் பிரிவின் தொழிலாளர் நலப் பகுதியிலிருந்து எங்களுக்கு வரும் கோப்புகளில் இந்தப் பாதிப்பை நேரடியாகப் பார்த்தேன். அங்கே ஓர் அக்கா விபத்து அறிக்கை, கேன்டீன் குழுக் கூட்டக் குறிப்பு, மருத்துவ விடுப்பு எல்லாவற்றுக்கும் ஒழுங்காகத் தமிழில் பெயர் வைப்பார். பிரிவின் பெயர் முதலில், பிறகு ஆவண வகை, கடைசியில் தொழிலாளியின் பெயரும் தேதியும். அவர் செயலி வேறு, தலைமை அலுவலகத்தின் செயலி வேறு. வந்து சேரும்போது எல்லாம் ‘ஆம்பூர்ப் பிரி’ என்று ஒரே மாதிரி நின்றன. காயம்பட்ட ஒருவரின் ஈஎஸ்ஐ தாளைத் தேட ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியிருந்தது. காயத்தோடு காத்திருப்பவருக்கு அந்தத் தாமதம் சின்ன விஷயம் அல்ல.

கணினிப் பராமரிப்புக்கு வந்தவர் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: “எல்லாப் பெயரையும் ஆங்கிலத்தில் வையுங்கள்.” வெளிநாட்டுக்குப் போகும் கோப்புகளுக்கு இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். இன்வாய்ஸ் எண், ஆவண வகை, ஆண்டு-மாதம்-நாள் என்று ஆங்கில எழுத்தும் எண்ணும் இடைக்கோடும் மட்டும் வைத்தால் உலகின் எந்த மூலைக்கும் சிதையாமல் போகும். ஆனால் ஆம்பூர் அக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொழிலாளியின் பெயரைத் தமிழில் எழுத ஒரே வழி, ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு வழி. வாணியம்பாடிக்கே ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டு ஓடுகிறது. தேடினால் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் பெயர் வைக்கிறோம், அந்தப் பயனையே கெடுக்கும் தீர்வு எனக்குத் தீர்வாகத் தோன்றவில்லை. வழி 1997லேயே எழுதப்பட்டாகிவிட்டது. அதைப் பின்பற்ற வேண்டியது மென்பொருள் செய்பவர்களின் கடமை, தமிழை விட்டுவிடுவது நம் கடமை அல்ல.

அதுவரை என்ன செய்வது? அக்காவிடம் வரிசையை மட்டும் மாற்றச் சொன்னேன்: “அக்கா, ஆள் பெயரையும் தேதியையும் முன்னால் கொண்டுவந்துவிடுங்கள், பிரிவு கடைசியில் வரட்டும்.” வெட்டுப்பட்டாலும் வேறுபடுத்தும் பகுதி தப்பிக்கும். இணைப்புகளின் பெயர்களைக் கடிதத்துக்குள்ளேயே வரிசையாக எழுதிவிடுவார், கடிதத்தின் உடல் பகுதியில் தமிழுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை. ஒவ்வொரு ஆவணத்தின் முதல் பக்கத் தலைப்பிலும் அதே பெயர் இருக்கும்.

சின்னச் சின்னதாக வேறு கண்ணிகளும் உண்டு. இன்வாய்ஸ் எண்ணில் சாய்கோட்டை ஜிஎஸ்டி விதி அனுமதிக்கிறது, கோப்புப் பெயரில் விண்டோஸ் அனுமதிக்காது. ஆகவே கோப்பில் இடைக்கோடு. அவுட்லுக்கில் ரிச் டெக்ஸ்ட் வடிவில் எழுதினால் இணைப்புகள் எல்லாம் ‘வின்மெயில்.டாட்’ என்ற ஒற்றைப் பொட்டலமாக மறுபக்கம் போய் நிற்கலாம்; எச்டிஎம்எல் வடிவத்துக்கு மாற்றினால் போதும். பழைய மேக் கணினிகள் ஒகர உயிர்மெய்யின் துணைக்குறியை ஒற்றைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்துச் சேமிக்கும். கண்ணுக்கு ‘கொள்முதல்’ ஒன்றுதான், ஆனால் தேடும்போது அகப்படாமல் போகலாம்.

நிறுவனம் புதிய மின்னஞ்சல் சேவைக்கு மாறப் பேச்சு நடந்தபோது, சோதனைக்கென்று ஒரு கோப்பு தயாரித்தேன். நீளமான தமிழ்ப் பெயர், அதில் ஓர் ஒகரம், நடுவில் ஒரு ஜெர்மன் எழுத்து, கடைசியில் தேதி. விற்க வந்தவரிடம் அதை அவருடைய சேவையிலிருந்து ஆம்பூருக்கும் சென்னை சுங்க முகவருக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பச் சொன்னேன். மூன்று இடத்திலிருந்தும் கணினித் திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தோம். விலையைப் பற்றி மேலாளர் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.