பாம்பனிலிருந்து ப்ரேமன்: முதலில் விலாசம், மற்றதெல்லாம் அப்புறம்

விடுமுறைக்குப் பாம்பன் வந்தால் தெருவில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஜெர்மனிக்குப் போக எவ்வளவு ஆச்சு?" படிப்புக்குக் கட்டணம் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். உண்மையிலேயே இல்லை. நான் போன ப்ரேமன் உட்பட அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் அரையாண்டுக்கு ஒருமுறை சில நூறு யூரோ கட்டினால் போதும். அதிலேயே பஸ், ட்ராம் பாஸும் அடக்கம். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் கொஞ்சம் கவனம். நம்மைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். பணக் கணக்கை எல்லாரும் கேட்கிறார்கள், சொல்லியும் விடுகிறேன். ஆனால் என்னை அதிகம் அலையவிட்டது பணம் இல்லை, விலாசம். அதை யாரும் கேட்பதில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

அலைச்சல் ஊரிலேயே ஆரம்பித்தது. விசா கேட்கிறவர் ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணத்தை முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். பிளாக்டு அக்கவுண்ட் என்பார்கள். அங்கே போனபின் மாதா மாதம் ஒரு பங்கு கைக்கு வரும். நான் போன 2023-இல் 11,208 யூரோ, அப்போது நம் பணத்துக்குச் சுமார் பத்து லட்சம். 2024 செப்டம்பரிலிருந்து 11,904. அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். வங்கியில் கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து அடமானம் கேட்கிறார்கள். எங்களுக்கு வீடு இருக்கிறது, மனைக்குப் பட்டா இல்லை. தாத்தா காலத்திலிருந்து குடியிருக்கிறோம், கரண்ட் பில் வருகிறது, ரேஷன் கார்டில் அந்த விலாசம்தான் இருக்கிறது. வங்கிக்கு அதெல்லாம் கணக்கில் இல்லை.

கடைசியில் உச்சிப்புளி அத்தை தன் தென்னந்தோப்புப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன், இன்ஜினியர் மதிப்பீடு என்று ஒன்று முடிந்தால் இன்னொன்று. இத்தனையும் நடந்தது தடைக்காலத்தில். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். வீட்டில் காசு புரளாது. அப்போது பார்த்து, வெளிநாட்டுப் படிப்பு என்றால் செலவில் 15 சதவீதம் கைக்காசு போட வேண்டும் என்றார்கள். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது அப்படித்தான்.

சான்றிதழ் சரிபார்ப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு, படிப்புச் சான்றிதழ்கள் அசல்தான் என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்று கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். அது கையில் வர வாரக்கணக்காகும், அதனால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள். விசா சென்னையில். பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாத காலம் அது. பெட்டிகளோடு மண்டபம் போய்த்தான் ரயில் ஏறினேன்.

ஜெர்மனியில் புது வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் விலாசத்தைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்று பெயர். சும்மா போய்ச் சொன்னால் பதிய மாட்டார்கள். இவர் என் வீட்டில்தான் குடியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். மற்ற எல்லாம் அந்தத் தாளில்தான் தொங்குகிறது. பதிவு இருந்தால்தான் வரி எண் தபாலில் வரும். வரி எண் இல்லாமல் பகுதிநேர வேலைக்குச் சம்பளம் போடுவது இழுபறி. பல வங்கிகள் கணக்குத் திறக்கப் பதிவுச் சான்றைக் கேட்கின்றன. கணக்கு இல்லாவிட்டால் பிளாக்டு அக்கவுண்டில் கிடக்கும் நம் பணமே நம் கைக்கு வராது. விசா முடியும் முன் வாங்க வேண்டிய குடியிருப்பு அனுமதிக்கும் அதே சான்றுதான்.

சிக்கல் என்னவென்றால், புதிதாக வருகிறவனுக்குச் சுலபமாகக் கிடைக்கிற அறைகள் பலவும் பதியக் கூடாது என்ற நிபந்தனையோடு வருபவை. வாடகைக்கு இருப்பவர் ஊருக்குப் போகும்போது இரண்டு மாதத்துக்கு உள்வாடகைக்கு விடுவார். வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரியாது, அதனால் தாள் தர மாட்டார். மாணவர் விடுதியிலோ காத்திருப்போர் பட்டியல். எனக்கு முதலில் கிடைத்ததும் அப்படியொரு உள்வாடகை அறைதான். இடம் நன்றாக இருந்தது, வாடகையும் தோது. ஆனால் காகிதத்தில் நான் அந்த ஊரில் இல்லை.

அரிசி வாங்கப் போன ஈழத் தமிழர் கடையில்தான் வழி கிடைத்தது. கடைக்கார அண்ணன் மன்னார்க்காரர். "பிள்ளை எவடம்?" என்று கேட்டார். பாம்பன் என்றேன். கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டார். "நான் மண்டபம் முகாமில இருந்தனான். தொண்ணூறாம் ஆண்டு வந்தது" என்றார். பாம்பன் பஸ் நிறுத்தம், பாலத்துக்குக் கீழே வலை காயப்போடும் இடம் என்று என்னைவிட நன்றாக அடையாளம் சொன்னார். வெளிநாட்டில் குடியேறுவதைப் பற்றி நான் எங்கெங்கோ தேடிப் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஏறி இறங்கும் தூரத்தில், வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் இத்தனை வருடமாகக் காகிதத்துக்கு அலைந்துகொண்டிருந்ததை ஒருநாளும் இதோடு சேர்த்து யோசித்ததில்லை. மண்டபம் முகாமைத் தாண்டித்தான் தினமும் ராமநாதபுரம் போவோம். ஜன்னலோர இடம் கிடைக்குமா என்பதுதான் அப்போது கவலை.

அறை கிடைத்துவிட்டதா என்று கேட்டார், கிடைத்துவிட்டது என்றேன். "பதிய விடுவினமோ?" அடுத்த கேள்வி அதுதான். இல்லை என்றதும், "அப்ப அது அறை இல்ல பிள்ளை, தங்குமிடம். எங்களுக்கு அங்க முகாம் அட்டை, உங்களுக்கு இஞ்ச அந்தக் கடதாசி" என்று சொல்லி, கடைக்கு வருகிற இரண்டு மூன்று மாணவர்களின் எண்களைக் கொடுத்தார். அதில் ஒருவர் காலி செய்த அறைக்குத்தான் போனேன். வாடகை கொஞ்சம் கூட, ட்ராமில் அரைமணி நேரம். தாள் தருவார்கள் என்பதால் யோசிக்கவே இல்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தால் தபால்பெட்டி வந்து நின்றது. அங்கே வீட்டுக் கதவுகளுக்கு எண் இருப்பது அபூர்வம். தெருப்பெயர், கட்டட எண். அதற்குப் பிறகு தபால்காரர் பார்ப்பது பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை. பாம்பனில் அப்பாவின் படகைச் சொன்னால் கடிதம் வந்துவிடும், கொல்லத்தில் மீன்பிடிக்கப் போயிருக்கிறார் என்ற சேதியும் தபால்காரருக்கே தெரிந்திருக்கும். அங்கே பெட்டியில் பெயர் இல்லையென்றால் ஆள் இல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் எனக்கு அப்பா பெயர். வீட்டுக்காரர் பெட்டியில் என் பெயரை மட்டும் ஒட்டிவிட்டார். வங்கி அட்டை அப்பா பெயருக்கு வந்து, ஆளைக் காணோம் என்று திரும்பிப் போய்விட்டது. மறுநாள் வெள்ளைத்தாளில் இரண்டு பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி, மழையில் நனையாதபடி மேலே செல்லோடேப் போட்டு ஒட்டினேன். ஓரங்களை நகத்தால் அழுத்தி அழுத்தித் தேய்த்தது நினைவிருக்கிறது. அழைப்புமணிக்குப் பக்கத்திலும் ஒன்று. பல்கலைக்கழகத்திலிருந்து பல் டாக்டர்வரை எல்லாரும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். போனில் சொன்னபோது அப்பா ரொம்ப நேரம் சிரித்தார்.

பெயர் ஒட்டியபின் கடிதமாகக் கொட்டியது. வரி எண், வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை. கூடவே, கேட்காமலே, ஒலிபரப்புக் கட்டணத்துக்கான கடிதம்: வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். வீட்டில் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். குடியிருப்பு அனுமதிக்கு நேரம் கிடைக்கத் தாமதமானது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்று ஒரு தற்காலிகச் சான்று கொடுத்தார்கள், அதை வைத்துச் சமாளித்தேன்.

குளிர் பற்றி நிறையப் பயமுறுத்துவார்கள். குளிருக்கு உடுப்பு இருக்கிறது. டிசம்பரில் சாயந்திரம் நாலேகாலுக்கே இருட்டிவிடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. சாப்பாட்டு விஷயத்தில் ஒரு நல்ல சேதி: கருவாடு கொண்டுபோகலாம். சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை மீன் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி உண்டு. நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் கூடாது. ஆனால் பொதுச் சமையலறையில் கருவாடு வறுப்பதற்கு முன் கூட இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். புகை எச்சரிக்கை மணி வேறு இருக்கிறது.

தங்கச்சிமடத்திலிருந்து இரண்டு பையன்கள் அடுத்த அக்டோபருக்குப் போடப்போவதாகச் சொன்னார்கள். அவர்களிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். அடமானத்துக்கு யார் பத்திரம் என்பதை இப்போதே முடிவு செய்து வில்லங்கம் போட்டுப் பாருங்கள். தடைக்காலம் தொடங்கும் முன் வங்கி வேலை முடிந்துவிட வேண்டும். அனுமதிக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். வெளியே அறை பார்த்தால் வாடகை எவ்வளவு என்பதற்கு முன்னால், பதியலாமா என்று கேளுங்கள். அறையைக் காட்டாமல் முன்பணம் கேட்கிறவனுக்குப் பதிலே போட வேண்டாம்; முன்பணமும் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் வாங்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. நான் செப்டம்பர் வரை ஊரில்தான் இருப்பேன். காகிதங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்து பார்க்கலாம். மாதா கோயிலுக்குப் பின்தெரு, யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.