போர்ட்லண்ட் ஜாடியைப் பேசி முடித்தேன், ‘ஆஃப்டர்’ வசப்பட்டது: அருங்காட்சியக ஆங்கிலப் பயிற்சிக் குறிப்பு

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ரோமானியக் கண்ணாடிக் கலமான போர்ட்லண்ட் ஜாடியின் கதையைக் குறிப்பு எதையும் பார்க்காமல் ஆங்கிலத்திலேயே சொல்லி ஒலிப்பதிவு செய்துவிட்டேன். இரவலாக வந்தது, நொறுங்கியது, ஒட்டப்பட்டது, விலைக்கு வாங்கப்பட்டது, மறுபடியும் பிரித்து ஒட்டப்பட்டது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய வினைச்சொல் தேடாமலேயே வாயில் வந்து நின்றது. அருங்காட்சியக ஆங்கிலம் பழகுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய படி என்று தெரியும். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பொருளின் அருகே வைத்திருக்கும் விளக்க அட்டையைப் படிப்பது, மூடிவிட்டுப் பேசுவது, பதிவைக் கேட்டுத் திருத்துவது என்ற முறையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பொருளைத் தேர்வதில்தான் சூட்சுமம். பலரும் அழகான பொருளாகப் பார்த்து எடுக்கிறார்கள். அழகான பொருள் பெயரடைகளை மட்டுமே தரும். நாலு பெயரடையோடு பேச்சு நின்றுவிடும். கைமாறி, உடைந்து, பழுது பார்க்கப்பட்டு, அலைக்கழிந்த பொருளை எடுங்கள். அதுதான் வினைச்சொற்களைத் தரும்.

போர்ட்லண்ட் ஜாடி அதற்கென்றே பிறந்தது போல இருக்கிறது. கருநீலக் கண்ணாடியின் மேல் வெள்ளைக் கண்ணாடியைப் படியவைத்து, வெள்ளையைச் செதுக்கி உருவங்களை எடுத்த ரோமானியக் கலைப்பொருள் அது. கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தது. வகைக்குப் பெயர் ‘கேமியோ கிளாஸ்’. 1810 முதல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தாலும் அதற்குச் சொந்தமானதாக இல்லை. போர்ட்லண்ட் பிரபுக் குடும்பத்தின் உடைமையாகவே இருந்தது. அந்த நிலைக்குச் சொல் ‘ஆன் லோன் ஃப்ரம்’. 1845-இல் பார்வையாளர் ஒருவர் கனமான கல் ஒன்றை வீசி அதைத் துண்டு துண்டாக்கினார். அதே ஆண்டு அருங்காட்சியகத்தின் பழுதுபார்ப்பாளர் ஜான் டபுள்டே ஒட்டிச் சேர்த்தார். 37 சிறு துண்டுகள் இடம் தெரியாமல் மீந்துபோய், நெடுங்காலம் கழித்து 1948-இல் மீண்டும் வெளிவந்தன. 1945-இல்தான் அருங்காட்சியகம் ஜாடியை விலைக்கு வாங்கியது, அதுவும் ஒருவர் உயில் எழுதி வைத்த பணத்தின் துணையோடு: ‘பர்ச்சேஸ்ட் வித் தி எய்ட் ஆஃப் எ பிக்வெஸ்ட் ஃப்ரம்’. இந்த நீண்ட தொடரை ஒரே மூச்சில் சொல்லவேண்டும். நடுவில் மூச்சு விட்டால் ‘வித்’ உதிர்ந்துவிடும். 1948-இல் பிரித்து ஒட்டினார்கள், 1980களின் இறுதியில் மறுபடியும். அந்தக் கடைசி முறையில் எப்பாக்ஸி பசை பயன்பட்டது. மீந்துபோன துண்டுகளில் பெரும்பாலானவையும் தம் இடத்துக்குத் திரும்பின.

இந்த ஒரு ஜாடியிலிருந்து நான் அள்ளியவை ஏராளம். ஒட்டிய இடத்துக்கு ‘ஜாயின்’, பெயர்ச்சொல்லாகவே. காணாமல் போன பகுதிக்கு ‘லாஸ்’, அதை நிரப்பியதற்கு ‘ஃபில்’. பழைய தோற்றத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் ‘ரிஸ்டோர்’, மேலும் சிதையாமல் நிலைநிறுத்தினால் ‘கன்சர்வ்’. இன்றைய அருங்காட்சியகத்தார் இந்த இரண்டையும் கவனமாகப் பிரித்தே பேசுகிறார்கள். ‘கன்சர்வேட்டர்’ ஒருவரிடம் ‘ரிஸ்டோரர்’ என்று சொல்லிப் பேச்சைத் தொடங்காதீர்கள்.

விலைக்கு விற்கப்படும் சொற்பட்டியல்களைப் பற்றி எனக்கு ஆறாத கோபம் உண்டு. ஒரு செயலியில் சந்தா கட்டித் திறந்த ‘மியூசியம்’ தொகுப்பில் டிக்கெட், வரைபடம், சிலை, வழிகாட்டி என்று படம் போட்ட அட்டைகள்தான் இருந்தன. அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து வெளியேற அவை போதும். ஒரு பொருளின் முன் நின்று பேச அவற்றால் ஒரு வாக்கியம்கூட அமையாது. சொல் தனியாக இருக்கும்வரை பயனில்லை. வினையும் முன்னிடைச்சொல்லும் ஒட்டிய முழுத் தொடராக எடுக்கவேண்டும். பார்வைக்கு வைத்திருந்தால் ‘ஆன் டிஸ்பிளே’, ‘ஆன் வியூ’. பீடத்தின் மேல் ‘ஆன் எ பிளிந்த்’. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் ‘இன் எ கேஸ்’, கிடங்கில் ‘இன் ஸ்டோரேஜ்’, தொகுப்பில் ‘இன் தி கலெக்‌ஷன்’. நமக்கு ‘இல்’ என்ற ஒரே உருபு இவற்றில் பாதியைத் தாங்கிவிடும் என்பதால் நாக்கு எல்லாவற்றுக்கும் ‘இன்’ போடத் துடிக்கும். காலத்தைச் சொல்லும்போது ‘டேட்ஸ் ஃப்ரம் தி ஃபர்ஸ்ட் செஞ்சுரி’ என்று செய்வினை நிகழ்காலத்தில் நிற்கவேண்டும், பொருள் ஈராயிரம் ஆண்டு பழையதானாலும்.

இனி, என்னைப் பல மாதங்கள் ஆட்டிவைத்த இடத்துக்கு வருகிறேன். ஓவிய அட்டைகளில் ஓவியர் பெயருக்கு முன்னால் வரும் சிறு தொடர்கள்: ‘அட்ரிபியூட்டட் டு’, ‘ஒர்க்‌ஷாப் ஆஃப்’, ‘சர்க்கிள் ஆஃப்’, ‘ஃபாலோவர் ஆஃப்’, ‘மேனர் ஆஃப்’, ‘ஆஃப்டர்’. அகராதியில் ஒவ்வொன்றுக்கும் பொருள் இருக்கிறது. ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தூரத்தை எந்த அகராதியும் சொல்வதில்லை. இந்தப் படிக்கட்டு முழுவதுமே தூரத்தைப் பற்றியது: ஆசான் கையிலிருந்து இந்த ஓவியம் எவ்வளவு தள்ளி இருக்கிறது?

நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு ஏறி இறங்கினேன். யார் கை, எந்த இடம், எந்தக் காலம்? ‘அட்ரிபியூட்டட் டு’ என்றால் கை பெரும்பாலும் அவருடையதுதான், ஆனால் உறுதி போதவில்லை. ‘ஒர்க்‌ஷாப் ஆஃப்’ அல்லது ‘ஸ்டூடியோ ஆஃப்’ என்றால் இடம் அவருடையது, அவர் மேற்பார்வையும் இருந்திருக்கலாம், கை வேறொருவருடையது. ‘சர்க்கிள் ஆஃப்’ என்றால் காலம் அவருடையது, அவர் தாக்கம் தெரிகிறது. பட்டறைக்குள் இருந்தவரா என்று சொல்ல முடியாது. ‘ஃபாலோவர் ஆஃப்’ என்றால் பாணியைப் பின்பற்றியவர், ஆனால் அவரிடம் படித்தவர் என்று கொள்ளவேண்டியதில்லை. ‘மேனர் ஆஃப்’ வரும்போது காலமே நழுவிவிடுகிறது. பாணி மட்டும் மிச்சம், வரைந்தது பின்னாளில். இவை ஏலக்கூடங்களின் ஏலப் பொருட்பட்டியல்களில் வரையறுத்து அச்சிடப்படும் சொற்கள். அந்தப் பட்டியல்களின் இறுதிப் பக்கங்களில் உள்ள விளக்கத்தைப் படிப்பது எந்தப் பாடநூலைவிடவும் பயன் தரும். அங்கேயே இன்னொரு நுட்பமும் உண்டு. ‘சைன்ட்’ என்றால் ஓவியரே கையொப்பமிட்டார் என்று கருதுகிறார்கள். ‘பேர்ஸ் சிக்னேச்சர்’ என்றால் கையொப்பம் இருக்கிறது, ஆனால் அவர் இட்டதல்ல என்பது அவர்கள் கருத்து.

‘ஆஃப்டர்’ மட்டும் இந்தப் படிக்கட்டில் சேராமல் முரண்டு பிடித்தது. ‘ஆஃப்டர் ரெம்பிராண்ட்’ என்று படித்தவுடன் தமிழ் மனம் ‘ரெம்பிராண்டுக்குப் பிறகு’ என்று காலமாகவே எடுத்துக்கொள்கிறது. அங்கே காலம் முக்கியமல்ல. குறிப்பிட்ட ஓர் ஓவியத்தைப் பார்த்து வரைந்த பிரதி என்பதே பொருள். மற்ற தொடர்கள் எல்லாம் ஆளோடு உள்ள உறவைச் சொல்கின்றன, இது ஒரு படைப்போடு உள்ள உறவைச் சொல்கிறது. வேறுபாடு புரிந்த பிறகும் பேசும்போது வரவில்லை. அந்தத் தடையை உடைத்தது ‘நைட் வாட்ச்’. ரெம்பிராண்ட் 1642-இல் முடித்த அந்தப் பேரோவியத்தை 1715-இல் ஆம்ஸ்டர்டாம் நகர மன்றத்தில் மாட்டுவதற்காக நான்கு பக்கமும் வெட்டினார்கள். வெட்டுவதற்கு முன் அது எப்படி இருந்தது என்பது கெரிட் லுண்டன்ஸ் என்ற ஓவியர் வரைந்த சிறிய பிரதியால் தெரிகிறது. அந்தப் பிரதியை வைத்து, இழந்த ஓரங்களை 2021-இல் ரைக்ஸ் அருங்காட்சியகம் கணினியின் துணையால் மறுஆக்கம் செய்து காட்டியது. ஆக, மூலம் சிதைந்தபோது பிரதி சாட்சியாக நிற்கிறது. ‘லுண்டன்ஸ், ஆஃப்டர் ரெம்பிராண்ட்’ என்று இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்லத் தொடங்கிய பின் ‘பிறகு’ என்ற பொருள் தலைகாட்டவே இல்லை. போர்ட்லண்ட் ஜாடிக்கும் இதே சொல் பொருந்துகிறது: ஜோசையா வெட்ஜ்வுட் 1790 வாக்கில் ஜாஸ்பர் மண்ணில் செய்த பிரதிகள் ‘ஆஃப்டர் தி போர்ட்லண்ட் வாஸ்’.

படிக்கட்டை வாயில் ஏற்றுவதற்கு ‘சால்வடோர் முண்டி’ என்ற கிறிஸ்து ஓவியத்தைவிடச் சிறந்த பயிற்சிப் பொருள் கிடையாது. 1958-இல் லண்டன் ஏலத்தில் லியோனார்டோவின் சீடர் பொல்ட்ராஃபியோவின் பெயரில் 45 பவுண்டுக்குப் போனது. 2011-இல் லண்டன் நேஷனல் கேலரியில் லியோனார்டோவின் படைப்பாகவே காட்டப்பட்டது. 2017-இல் நியூயார்க்கில் 45 கோடி டாலருக்கு மேல் விற்றது. ஆனால் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பட்டறை வேலை என்பாரும் உண்டு. ஒரே ஓவியத்துக்கு ஒவ்வொரு கட்டத்திலும் எந்த அட்டை பொருந்தும் என்று மாற்றி மாற்றி எழுதி வாய்விட்டுப் படித்தேன். இந்தச் சிறு தொடர்களில் எவ்வளவு பணமும் மானமும் அடங்கியிருக்கிறது என்று உறைத்தவுடன் அவை மறக்கவே மறக்காது.

ஐயத்தோடு பேசுவதற்கு இன்னொரு துணை ரொசெட்டா கல், பழைய எகிப்திய எழுத்தைப் படிக்க வழிகாட்டிய கல்வெட்டு. 1799-இல் கண்டெடுக்கப்பட்டு 1802 முதல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்துகளில் அப்பிய வெண்பொருளும் மேலே பூசிய மெழுகும் அதை மறைத்திருந்ததால் நெடுங்காலம் பசால்ட் என்ற கரிய எரிமலைப் பாறை என்றே நினைத்திருந்தார்கள். 1999-இல் தூய்மைப்படுத்தியபோது கிரானோடயோரைட் என்ற கல் வெளிப்பட்டது. ‘வாஸ் லாங் தாட் டு பி’ என்று தொடங்கி ‘ஈஸ் நவ் ஐடென்டிஃபைட் ஆஸ்’ என்று முடிக்க இதைவிட இயல்பான எடுத்துக்காட்டு வேண்டுமா?

உச்சரிப்பைப் பற்றி ஒரு வரி. எல்லாச் சொல்லிலும் முதலசையை அழுத்துவது நம் வழக்கம். ‘மியூசியம்’, ‘எக்ஸிபிட்’ இரண்டிலும் அழுத்தம் இரண்டாம் அசையில், ‘எக்ஸிபிஷன்’ என்பதில் மூன்றாம் அசையில். ஒரு பொருள் யார் யார் கைமாறி வந்தது என்ற வரலாற்றைக் குறிக்கும் ‘புராவனன்ஸ்’ மட்டும் நமக்குச் சாதகமாக முதலசையிலேயே நிற்கிறது. பிரிட்டனில் ‘எக்ஸிபிட்’ என்றால் பெரும்பாலும் ஒற்றைப் பொருள். அமெரிக்காவில் முழுக் கண்காட்சியையும் அப்படிச் சொல்வார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு வழக்கையும் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலப்பொருள் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: எல்லாம் இலவசம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் ‘க்யூரேட்டர்ஸ் காமென்ட்ஸ்’ என்ற பகுதியைத் தேடுங்கள். அட்டையில் இல்லாத ஐயமும் வாதமும் அங்கே முழு வாக்கியங்களாக இருக்கும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் பக்கங்களில் ஒவ்வொரு பொருளுக்கும் அது யாரிடமிருந்து எப்படி வந்தது என்று சொல்லும் ‘கிரெடிட் லைன்’ தெளிவாக உண்டு. ‘கிஃப்ட் ஆஃப்’, ‘பிக்வெஸ்ட் ஆஃப்’, ‘பர்ச்சேஸ்’ மூன்றையும் அங்கேதான் பிரிக்கக் கற்றேன். பொருள் தொகுப்பில் சேரும்போது அந்த அருங்காட்சியகம் கொடுக்கும் சேர்க்கை எண்கள் பெரும்பாலும் ஆண்டில் தொடங்கும். 29 என்று தொடங்கினால் 1929-இல் வந்தது. பொருட்களின் சரியான பெயருக்கு கெட்டி நிறுவனத்தின் கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சியம். ஒரு சொல் எந்த வகையின் கீழ் வருகிறது, அதன் உட்பிரிவுகள் எவை என்று கிளை கிளையாகக் காட்டும். உள்ளே போனால் நேரம் போவதே தெரியாது.

மட்பாண்டச் சொற்கள் இன்னும் பாதியில் நிற்கின்றன. ‘எர்தன்வேர்’, ‘ஸ்டோன்வேர்’, ‘போர்சலின்’ மூன்றையும் படத்தில் பார்த்துப் பிரிக்க முடிகிறது, சூளை வெப்பத்தையும் மெருகையும் பற்றிப் பேச இன்னும் வரவில்லை. அதை முடிக்காமலேயே மனம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களுக்குத் தாவிவிட்டது. அங்கே பொருள் ‘ஆப்ஜெக்ட்’ அல்ல, ‘ஸ்பெசிமன்’. லண்டனில் 1905 முதல் நின்ற ‘டிப்பி’ என்ற டிப்ளோடோக்கஸ் டைனோசர் உண்மையான எலும்புகள் அல்ல, பிளாஸ்டர் வார்ப்பு. ‘காஸ்ட்’ என்ற சொல்லும் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லும் அங்கே வேறு விதமாக உறவாடுகின்றன. 2017-இல் அதன் பெருமண்டப இடத்துக்கு வந்த நீலத்திமிங்கலமோ உண்மையான எலும்புக்கூடு. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுவதுதான் அடுத்த பதிவின் இலக்கு.

அதற்கு முன் ‘மவுண்ட்’ என்ற சொல்லோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. பொருளைத் தாங்கிப் பிடிக்கும் கம்பியும் ‘மவுண்ட்’, அச்சோவியத்தைச் சுற்றி வைக்கும் அட்டையும் பிரிட்டனில் ‘மவுண்ட்’, சீனப் பீங்கானுக்கு ஐரோப்பியர் பூட்டிய வெள்ளி விளிம்பும் ‘மவுண்ட்’, எலும்புகளைக் கோத்து நிறுத்துவதும் ‘மவுண்ட்’. நான்கிலும் முன்னிடைச்சொல் மாறுகிறது. இதற்கு ஒரே பொருளில் எல்லாம் அடங்கும் பயிற்சி எடுத்துக்காட்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.