9,000 மணித்தியாலம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எலெக்ட்ரிசியன் ஆக 9,000 மணித்தியாலப் பயிற்சி வேண்டும். 8,160 வேலைத்தளத்தில், 840 வகுப்பறையில். ஐந்து வருடம் என்று சொல்வார்கள். இடையில் வேலை இல்லாமல் வீட்டில் இருத்திவிட்டால் அதற்கும் மேலே இழுக்கும். நான் கிளிநொச்சிப் பக்கம் இந்திய வீட்டுத்திட்ட வீடுகளுக்கு மாமாவோடு திரிந்து வயரிங் செய்தவன். எனக்கு எதற்கு இத்தனை மணித்தியாலம் என்றுதான் முதலில் எரிச்சல் வந்தது.

வெளிநாட்டில் இந்தத் தொழில் செய்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. தொழில் சான்றிதழ்களைக் கவனிக்கும் ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோவிடம் அனுபவத்தை மதிப்பிடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். ஒத்துக்கொண்டால் நேரே தேர்வு எழுதலாம். ஆனால் என்ன வேலை, எவ்வளவு காலம் என்று வேலை தந்தவர்கள் எழுத்தில் தரவேண்டும். மாமாவிடம் இருந்தது ஒரு சைக்கிள், ஒரு சாமான் பை, கடன் எழுதிவைத்த ஒரு கொப்பி. ஆகவே அடியிலிருந்தே தொடங்கினேன்.

ஸ்காபரோவில் எங்கள் ஆட்களிடம் வாய் திறந்தால் போதும், எலெக்ட்ரிக் வேலைக்கு ஆள் எடுக்கும் ஒருவரைக் காட்டிவிடுவார்கள். நானும் அப்படி ஒருவரிடம் சேர்ந்தேன். எல்லாம் பேஸ்மென்ட் வேலை. வெள்ளிக்கிழமை கையில் காசு. பதிவு பற்றிக் கேட்டால் "தம்பி, பேப்பரைப் பிறகு பாப்பம்" என்பார். அந்தப் பிறகு வரவேயில்லை. முதலாளியும் பயிலுநரும் கையெழுத்து வைத்த பயிற்சி ஒப்பந்தம் பதிவாகும்வரை எவ்வளவு வயர் இழுத்தாலும் கணக்கில் ஒரு மணித்தியாலமும் ஏறாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். வருடக்கணக்காக ஹெல்ப்பராகவே இருக்கிற அண்ணைமார் சிலரை எனக்குத் தெரியும். கைவேலையில் என்னைவிடக் கெட்டிக்காரர். அவர்களுடைய கணக்கில் இன்றைக்கும் பூச்சியம்தான்.

பதிவுசெய்ய ஒரு முதலாளி அகப்படுவதுதான் உண்மையான கஷ்டம். 2018 இல் சட்டத்தை மாற்றி, ஒரு ஜேர்னிமனுக்கு, அதாவது சான்றிதழ் எடுத்த எலெக்ட்ரிசியனுக்கு, ஒரு அப்ரென்டிஸ் (பயிலுநர்) வைக்கலாம் என்றாக்கினார்கள். அது கொஞ்சம் கதவைத் திறந்தது. ரொறன்ரோவில் ஐ.பி.இ.டபிள்யூ. 353 என்ற எலெக்ட்ரிசியன்களின் யூனியன் வழியாகவும் போகலாம். கணிதம், வாசிப்பு இரண்டையும் சோதித்து, நேர்முகமும் வைத்துத்தான் எடுப்பார்கள். எனக்கு வாய்த்தது யூனியன் இல்லாத ஒரு சின்னக் கம்பனி. காலை ஏழு மணிக்கே கட்டடம் கட்டும் இடங்களுக்குப் போய், போர்மனைக் கண்டு கேட்டுக் கேட்டுக் கிடைத்த வேலை. சம்பளம் முதல் கட்டத்தில் ஜேர்னிமனுக்குக் கிடைப்பதில் 40 வீதம். கட்டம் ஏற ஏற 50, 60, 70, 80. முதல் வருடம் மனைவியின் சம்பளம் இல்லாவிட்டால் வாடகை கட்டியிருக்க மாட்டோம்.

ஊர் வேலை கையில் இருந்தது உதவியா, உபத்திரவமா என்று இன்னும் எனக்குத் தீர்மானமில்லை. ஊரில் நாங்கள் பழகிய பழைய முறையில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். இங்கே கறுப்புத்தான் லைவ், வெள்ளை நியூட்ரல். கறுப்பைக் கண்டால் கை தானாகத் தைரியமாகப் போகும். அந்தத் தைரியத்தைக் கொல்ல மாதக்கணக்காயிற்று. டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்துப் பார், பிறகு தொடப்போகிற வயரில், பிறகு திரும்பவும் முதல் இடத்தில் என்று ஜேர்னிமன் சொல்லித்தந்தார். இப்போது நித்திரையிலும் அப்படித்தான் செய்வேன். ஊரில் சுவரை உளியால் வெட்டிக் குழாய் பதித்துச் சீமெந்து பூசுவோம். இங்கே வீடு முழுக்க மரச்சட்டம். துளைபோட்டு வயரை இழுத்தால் சரி. ஸ்க்ரூவின் தலையில்கூடச் சதுரக் குழி. ரொபர்ட்சன் என்ற கனடாக்காரர் கண்டுபிடித்தது. அந்த ஸ்க்ரூட்ரைவர் பிடித்தவனுக்கு வேறொன்றும் பிடிக்காது.

ஊரில் ஒரு வீட்டுக்கே 30 ஆம்பியர் வரும். இங்கே உடுப்புக் காயவைக்கிற மெஷினுக்கு மட்டும் 30 ஆம்பியர், அதுவும் 240 வோல்ட்டில். நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் 90களில் கரண்டே இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, துளி மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் படித்தோம்; சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் ரேடியோ கேட்டோம். முதன்முதல் டிரையர் லைனை முடித்து பிரேக்கரைப் போட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று ஜேர்னிமனுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. அவர் என் அப்பாவின் வயதுக்காரர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது.

வகுப்பு மூன்று கட்டம். ஒவ்வொன்றுக்கும் வேலையை விட்டு எட்டு, பத்துக் கிழமை கல்லூரிக்குப் போகவேண்டும். அந்த நாட்களுக்கு ஈ.ஐ. என்ற வேலையில்லாக் காப்புறுதிப் பணத்துக்கு விண்ணப்பிக்கலாம். நான் பயந்தது இங்கிலீஷுக்கு. ஓம் விதியும் திரிகோண கணிதமும் ஊரில் படித்ததே. குழாயை 30 பாகையில் வளைக்க உயரத்தை இரண்டால் பெருக்கு என்றதும், பக்கத்தில் இருந்த பெடியன்கள் மனப்பாடம் செய்ய, எனக்கு சைன் 30 அரை என்பது ஞாபகம் வந்தது. மின்வேலை விதிகள் அடங்கிய கோட் புத்தகம்தான் ஆளை வாட்டும். கடைசித் தேர்வில் புத்தகத்தை அவர்களே தருகிறார்கள், ஆனால் எந்த விதி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். 70 எடுத்தால்தான் பாஸ். அதோடு ரெட் சீல் என்ற முத்திரை, மற்ற மாகாணங்களிலும் செல்லும்.

கலியாண வீடுகளில் "தம்பி என்ன செய்யிறார்?" என்ற கேள்விக்கு என் மாமியார் முதலில் "கொன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பனியில" என்று மட்டும் சொல்லி நிறுத்துவார். வீட்டுக்கு வீடு யூனிவர்சிற்றிக் கடன் கட்டும் பிள்ளைகள் என்றானபிறகு "எலெக்ட்ரிசியன்" என்று உரத்துச் சொல்கிறார்.

இப்போது நான் சம்பளக் கணக்கில் நாலாம் கட்டம். கடைசி வகுப்பும் தேர்வும் மிச்சம். அதன் பிறகும் சொந்தமாகக் கொன்ட்ராக்ட் எடுக்கத் தனி லைசென்ஸ் வேண்டும், அதற்கு மாஸ்டர் எலெக்ட்ரிசியன் வேண்டும், மாஸ்டருக்கு இன்னும் மூன்று வருட அனுபவம். போன மாதம் மனைவியின் சித்தப்பா பேஸ்மென்டை வாடகைக்கு விடப்போகிறார் என்று, "ஞாயிற்றுக்கிழமை வந்து நாலு பிளக் அடிச்சுத் தாரும்" என்றார். அதைச் செய்ய எனக்கு உரிமையில்லை, லைசென்ஸ் உள்ள ஆளைப் பிடித்து இன்ஸ்பெக்‌ஷனும் எடுங்கோ என்று நம்பர் கொடுத்தேன். "இதுக்கே அஞ்சு வருசம் படிக்கிறீர்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவர், இன்னும் என்னோடு கதைக்கவில்லை.